எட்டாம் நாள் இரை

கரட்டணையின் தண்ணீர் எங்களுக்குத் தீனி போடத் தொடங்கியது ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில். இடியும் இல்லை, மின்னலும் இல்லை. பால் வண்டி வந்து போய், வாசல் தெளித்து முடித்து, பல் விளக்கக் கரைக்கு வந்தவர்கள் பார்த்தபோது, மதகுமேட்டில் இருக்கிற நாற்பத்து மூன்று வீட்டுக்கும் நாற்பத்து மூன்று தேக்கிலைகள் கன்னிமார் கோயிலுக்கு முன்னால் வரிசையாக விரித்துக் கிடந்தன, ஒவ்வொன்றிலும் தின்பதற்கு ஏதோ ஒன்று ஆவி பறக்க இருந்தது, இலைகளின் அடிப்பக்கம் நனைந்திருந்தது, ஒவ்வோர் இலையிலிருந்தும் தண்ணீர் வரைக்கும் மணலில் ஈரமாக இழுத்த தடம் ஒன்று போயிற்று. எந்த இலை யாருக்கு என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போளியை நாங்கள் ஒப்புட்டு என்போம், எனக்கு ஒப்புட்டு என்றால் உயிர், அதுவும் நெய் வழிய வேண்டும், ஐந்தாவது இலையில் இரண்டு ஒப்புட்டு நெய் வழியக் கிடந்தது, எங்கள் வீடு ஐந்தாவது வீடு. மீன்பிடிச் சங்கத் தலைவர் அத்தியப்பனுக்குத் நூல் நூலாகப் பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகை. துணி தைக்கிற சிட்டம்மாவுக்குப் பழைய சோறும் சுட்ட கருவாடும். அதைப் பார்த்து அவளே கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

ஊர் நாய்கள் வந்து இலைகளை முகர்ந்து பார்த்துவிட்டு, வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பிப் போயின. நாங்கள் நாய்களைவிட விவரமானவர்கள், உட்கார்ந்து தின்றோம்.

தின்னாதவள் ஒருத்திதான், பாவாயி. அவளைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். திருப்பூர், கரூர், பவானி என்று எங்கெங்கிருந்தோ ஞாயிற்றுக்கிழமை தோறும் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு எங்கள் அணைக்கு வருகிறவர்கள் எல்லாம் முதலில் இறங்குவது பாவாயியின் மாவுக் கொட்டகையில்தான், ஏனென்றால் பெரிய கட்லா அவள் உருட்டிய உருண்டைக்குத்தான் வாயைத் திறக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோள மாவும் ரவையும் முட்டையும் வெல்லப்பாகும் சோம்புத் தூளும் சேர்த்துப் பிசைந்து, எலுமிச்சை அளவில் உருட்டி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, ஈரத்துணி மூடி ஒரு ராத்திரி வைத்துவிடுவாள். காலையில் தட்டத்திலிருந்து ஓர் உருண்டையை எடுத்துத் தன் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வாள். ஓர் உலை கொதிக்கிற நேரம் அது இளகாமல் இருந்தால் நல்ல உருண்டை, துப்பிவிட்டு மற்றதை விற்பாள்; முன்னாலேயே இளகிவிட்டால் அந்தத் தட்டம் முழுவதையும் கோழிக்குக் கொட்டிவிடுவாள். முப்பது வருஷமாக ஒரு நாள் தவறாமல் செய்து செய்து, அவள் யாரோடு என்ன பேசிக்கொண்டிருந்தாலும் கை தானாகப் போய் ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும், அது அவளுக்கே தெரியாது.

புதிதாக வருகிறவன் எவனாவது மிருதுவான மாவு கேட்டால் அவளுக்குக் கோபம் வந்துவிடும்.

"மெதுவா இருந்தா ஜிலேபி மீனு வந்து கொத்திக் கொத்தியே கரைச்சுப்போடுமுங்க. பொடிமீனுக்கு எதப் போட்டாலும் திங்கும். பெரிய மீனு பெருசானதே இத்தன வருசமா வேண்டாம் வேண்டாம்னு சொல்லித்தானுங்க. அதுக்குன்னு ஒரு உருண்டை செய்யோணும், பொடிமீனு பல்லு பட்டா வழுக்கோணும், அது வாய்க்குப் போனா எளகோணும்."

அதோடு ஒன்றும் சொல்லி அனுப்புவாள்: எடுத்த எடுப்பில் தூண்டில் முள்ளைப் போடாதே. ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு ஏழு நாள் வெறும் தீனி போடு, முள்ளில்லாமல் போடு, நாளுக்கு நாள் கொஞ்சம் கரைக்குக் கிட்டத்தில் போடு, தின்று பழகட்டும், பயம் போகட்டும், எட்டாம் நாள் முள்ளை வை. எங்கள் அணையில் பெரிய மீன் பிடிக்கிற வழி இதுதான், இதை நாங்கள் எல்லோரும் கைக்குழந்தையிலிருந்தே அறிவோம்.

அவள் புருஷன் நாச்சிமுத்து. தூண்டில் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை, சாப்பாட்டுக்கு முன்னால் அவரைப் போலப் பலவீனமான ஆளும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பாவாயி கரைக்கு ஓடி வந்தபோது, அவர்கள் வீட்டு இலையின் ஒரு பாதியில் இருந்த குடல் குழம்பையும் சோற்றையும் அவர் வழித்து முடித்திருந்தார். மறுபாதியில் அவளுக்கென்று வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் நான்கு பொன்னிறமாக உட்கார்ந்திருந்தன.

"ஏனுங்க, வாயைத் தொறங்க."

"ஒண்ணுமில்ல புள்ள, கொடல் கொழம்புதான். நெம்ப நல்லாருக்குது."

"தொறங்கன்னா தொறங்க!"

அத்தனை பேர் முன்னாலும் அவர் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு விரலை வாய்க்குள் விட்டு, ஈறு, கன்னம், நாக்கின் அடி என்று எல்லா இடமும் தடவிப் பார்த்தாள். முள் இல்லை. நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை, ஈரத் தடத்தைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், கச்சாயத்தை ஒரு குச்சியால் புரட்டி அதன் நிறத்தைப் பார்த்தாள், வேறொருத்தி உருட்டிய மாவைப் பார்க்கிற மாதிரி.

"செஞ்ச கை கெட்டிக்காரக் கை," என்றாள். "நமக்குத் தீனி போடுது. இன்னைக்கு மொத நாள்."

மறுநாளும் இலைகள் வந்தன, பத்தடி இறங்கி, தண்ணீருக்குக் கிட்டத்தில். உப்பு கொஞ்சம் தூக்கல் என்று முதல் நாள் முணுமுணுத்த வீட்டுக்கு உப்பு சரியாக இருந்தது. அன்றைக்கு மத்தியானம் சங்கத்து எடைக் கொட்டகையில் ஊர் கூடியது. பாவாயி எழுந்து நின்று, நாம் மீனுக்குச் செய்வதை இது நமக்குச் செய்கிறது, யாரும் தின்ன வேண்டாம் என்றாள். அவள் சொன்னது சரி என்று எல்லோருக்கும் தெரிந்தது, அதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை, அதுதான் இந்தக் கதையிலேயே எனக்கு ஆறாத விஷயம். அத்தியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"அக்கா சொல்றது நூத்துக்கு நூறு நெசமுங்க. ஏழு நாள் தீனி, எட்டாம் நாள் முள்ளு. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. இது மீனுக்குத் தெரியாது, அதனால மாட்டிக்குது. நமக்குத்தான் தெரியுமே? ஏழு நாளைக்குத் திம்போம். எட்டாம் நாள் கதவச் சாத்திப்போட்டு ஊட்டுக்குள்ள இருந்துக்குவோம். அப்புறம் அது யாரைப் புடிக்கும்?"

கை தட்டினோம். இவ்வளவு புத்திசாலியான தலைவர் கிடைத்ததற்காகச் சந்தோஷப்பட்டோம். இருந்தாலும் இருக்கட்டும் என்று அவர் பழைய ஒலிபெருக்கியிலிருந்து காந்தம் ஒன்றைக் கழற்றி வந்து, அன்றிலிருந்து தினமும் ஒவ்வோர் இலை மீதும் மந்திரிக்கிற மாதிரி சுற்றிக் காட்டிவிட்டு, "முள்ளில்லீங்க, திங்கலாமுங்க" என்று உத்தரவு கொடுத்தார்.

அந்த வாரத்தில் எங்கள் வீடுகளில் அடுப்பு மூட்டுவது குறைந்து போயிற்று. வலைகளை யாரும் வீசவில்லை, சோறு போடுகிற தண்ணீரிலேயே வலையை வீசுவது நன்றாக இருக்காது என்று நாங்களே பேசி முடிவு செய்துகொண்டோம். மீன்கள் பகலில் கரைக்குக் கூப்பிடு தூரத்தில் வந்து வரிசையாக நின்றன, பொடிமீன் முன்னால், நடுமீன் பின்னால், அதற்கும் பின்னால் கறுப்பாக, அகலமாக, பரிசல் கவிழ்ந்து கிடக்கிற மாதிரி சில முதுகுகள், எல்லாம் எங்களைப் பார்த்தபடி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றன. நாங்கள் தின்று முடிக்கும் வரை அவை அசையவில்லை, தின்று முடித்ததும் ஒன்றுபோலத் திரும்பிப் போயின. முதலில் பயமாக இருந்தது. அப்புறம் விருந்தாளி சாப்பிடுவதை வீட்டுக்காரர் பார்க்கிற மாதிரிதானே என்று பழகிவிட்டது. மூன்றாம் நாள் இலைகள் தண்ணீரின் விளிம்பிலும், நான்காம் நாள் கணுக்கால் ஆழத்தில் மிதந்தபடியும் இருந்தன, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினோம். ஐந்தாம் நாள் முழங்கால் ஆழம். அன்றைக்குச் சிட்டம்மா மட்டும் கரையிலேயே நின்று, "எனக்குக் கருவாடு பிடிக்கும்னு இதுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள், அதற்கப்புறம் அவள் இலை தீண்டுவாரில்லாமல் மிதந்தது.

பாவாயிக்கு ஊரைப் பற்றிய கவலை இரண்டாம் நாளோடு தீர்ந்துவிட்டது. அவள் கவலை எல்லாம் நாச்சிமுத்துவைப் பற்றித்தான். பிள்ளை குட்டி இல்லாதவர்கள். "எனக்கு இருக்கறது இந்த ஒரு மனுசன்" என்று கன்னிமார் கோயிலின் ஏழு கல்லுக்கும் தனித்தனியாகச் சொல்லி விளக்கேற்றினாள். விடியும் முன் எழுந்து குடல் குழம்பும் அரிசிம்பருப்புச் சோறும் அவளே ஆக்கினாள். அவர் அதையும் தின்றுவிட்டுக் கரைக்கு வந்து இதையும் தின்றார். கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் வாங்கினாள். சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு அவர் இலையைத் தொடவில்லை, அத்தியப்பன் ஊட்டிவிட்டார். ஆறாம் நாள், சத்தியத்தையும் மீறி, தொடை ஆழத் தண்ணீரில் நின்று சோற்றைப் பிசைந்துகொண்டே நாச்சிமுத்து அழுததை நான் பக்கத்து இலையிலிருந்து பார்த்தேன். "என்னால முடியல பாவாயி," என்று கரையைப் பார்த்துச் சொன்னார், "எனக்கு வெக்கமா இருக்குது, ஆனா முடியல." அவள் அதற்கப்புறம் அவரைத் திட்டவில்லை.

"போச்சாது, உடுங்க," என்றாள். "நாளைக்கு ஒரு நாளும் தின்னுக்குங்க. நாளானைக்கு மட்டும் நான் சொன்னபடி கேட்டுக்கோணும்."

ஏழாம் நாள் இடுப்பளவுத் தண்ணீர். இலைகளுக்கு நடுவே, கால்களுக்கு இடையே, மீன்கள் உரசிக்கொண்டு போயின. எங்களில் சிலர் அவற்றின் முதுகைத் தட்டிக் கொடுத்தோம்.

எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மதகுமேட்டில் ஒரு கதவும் திறக்கவில்லை. வெளியூர்த் தூண்டில்காரர்கள் வந்தால் திருப்பி அனுப்ப அத்தியப்பன் சாலையில் ஆள் நிறுத்தியிருந்தார். பாவாயி தன் புருஷனை உள்ளறையில் விட்டுப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வெயில் ஏறியதும் அத்தியப்பன் தன் வீட்டு மொட்டை மாடியில் ஏறிப் பார்த்துவிட்டு, ஊருக்கே கேட்கும்படி கத்தினார்: "கரையில ஒண்ணுமில்லீங்க! ஒரு எலையுமில்லீங்க! ஏமாந்து போச்சுது!"

வீட்டுக்கு வீடு சிரிப்பு கேட்டது. பாத்திரத்தைத் தட்டினார்கள். பாவாயி அவ்வளவு நாளும் இழுத்துப் பிடித்திருந்த மூச்சை விட்டாள். உள்ளறைக்கும் மாவுக் கொட்டகைக்கும் நடுவே ஒரு கதவுதான். முந்தின நாள் வேக வைத்த உருண்டைகள் தட்டத்தில் ஈரத்துணிக்கு அடியில் இருந்தன. இன்றைக்கு விற்பனை இல்லாவிட்டாலும் துணியை எடுத்துக் காற்றாட விட வேண்டுமே என்று விலக்கினாள். தட்டத்தில் ஒன்று கூடுதலாக இருந்தது. அவள் எண்ணிப் பார்க்கிறவள் இல்லை.

"பாவாயி, கேட்டுதா? ஒண்ணுமில்லையாம். கதவத் தொற புள்ள."

"பொழுது எறங்கட்டும்."

"பசிக்குதே."

"அரிசிம்பருப்பு ஆக்கித் தாறனுங்க. உங்களுக்கென்ன, ஏழு நாளா மாப்பிள்ளை விருந்து. நாந்தேன் பச்சத்தண்ணி எறங்காம..."

உள்ளேயிருந்து நாச்சிமுத்து இரண்டு முறை கூப்பிட்டார்.

"என்ன புள்ள? என்னாச்சு?"

"ஏலக்காய் வாசம் அடிக்குது," என்றாள். அப்புறம், மெதுவாக: "நான் ஏலக்காய் போடறதே இல்லீங்களே."

அவள் பேசிக்கொண்டிருந்தபோது கை தானாகப் போய் எடுத்து வாயில் போட்டிருந்தது. ஓர் உலை கொதிக்கிற நேரம் இளகாமல் இருக்க வேண்டிய உருண்டை, அவள் கன்னத்தில் பட்டதும் வெண்ணெயாக இளகி, அவள் துப்புவதற்குள் தொண்டையில் இறங்கிவிட்டது. ஊர் முழுவதையும் ஏழு நாள் குண்டியில் தட்டித் தட்டித் தண்ணீரில் இறக்கியதெல்லாம் எதற்கு என்று அப்போது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். பொடிமீன்கள் சுற்றிலும் மொய்த்து ஆரவாரம் செய்தால்தான் பெரிய மீன் கிட்ட வரும். அவளே எத்தனையோ பேருக்குச் சொல்லி அனுப்பியதுதான்.

நாங்கள் கதவைத் திறந்து வெளியே வந்தபோது தங்கூசு ஒன்று, தூண்டிலில் கட்டுகிற நரம்பு, வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. பாவாயியின் இடது வாயோரத்திலிருந்து புறப்பட்டு, கொட்டகையின் கூரை விளிம்பில் பட்டு, முருங்கைக் கிளை மேல் ஏறி, சாலையைக் கடந்து, சரிவில் இறங்கி, கரட்டணையின் தண்ணீருக்குள் போயிற்று. சொட்டுச் சொட்டாக அதிலிருந்து தண்ணீர் விழுந்தது.

நாச்சிமுத்து கதவை உடைத்துக்கொண்டு வந்து அரிவாளை எடுத்தார். பாவாயி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அறுத்து உட்ட மீன நீங்க பாத்ததில்லையா? முள்ள வயித்துல வெச்சுக்கிட்டு, தீனி எடுக்காம, ஒட்டி ஒலந்து, பத்தாம் நாள் மெதக்கும். அப்பிடி என்னைப் பாக்கோணுமா?"

அவர் அரிவாளைப் போட்டுவிட்டு அவள் காலடியில் உட்கார்ந்தார்.

நல்ல தூண்டில்காரன் பெரிய மீனை உடனே இழுக்க மாட்டான். விட்டுக் கொடுப்பான், ஓட விடுவான், களைக்க விடுவான். தண்ணீரும் மூன்று நாள் அவளை விட்டுப் பிடித்தது. அந்த மூன்று நாளும் அவள் மாவு பிசைந்தாள், வீடு கூட்டினாள், புருஷனுக்கு அரிசிம்பருப்பு ஆக்கிப் போட்டாள், பேசும்போது மட்டும் வாய் கொஞ்சம் கோணியது. நாங்கள் அதற்குப் பழகிக்கொண்டோம். சாலையில் சைக்கிளில் வருகிறவர்கள் அந்த இடத்தில் குனிந்து போனார்கள். தெரியாதவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று சிட்டம்மா வெட்டுத் துணிகளைக் கொண்டுவந்து, சிவப்பும் மஞ்சளுமாக, தங்கூசின் நீளத்துக்கும் முடிந்து வைத்தாள், பார்க்கத் திருவிழாத் தோரணம் மாதிரியே இருந்தது. சாயங்காலங்களில் ஆண்கள் எல்லோரும் எடைக் கொட்டகையில் உட்கார்ந்து தங்கூசு இறுகுவதையும் தளர்வதையும் பார்த்தோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நாங்கள் ரசித்தோம்.

"என்ன கையி பாருங்க," என்றார் அத்தியப்பன். "ஒரு வெட்டு இல்ல, ஒரு ஒதறல் இல்ல."

"இப்ப தளத்தும் பாருங்க," என்று நாச்சிமுத்துவே ஒரு முறை சொல்லிவிட்டார், சொன்னபடி தளர்ந்தது, அவர் எழுந்து போய்க் கொட்டகைக்குப் பின்னால் சுவரில் தலையை முட்டிக்கொண்டார்.

மூன்றாம் நாள், வெயில் சாய்கிற நேரம், பாவாயி கையைக் கழுவி முந்தானையில் துடைத்தாள். "அடுப்புல கொழம்பு இருக்குதுங்க, சூடு பண்ணிக்குங்க," என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தாள். தங்கூசு அவளுக்கு முன்னால் நேர்கோடாக நின்றது. நாச்சிமுத்து ஓடிப் போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டார். அவர் இடுப்பை அத்தியப்பன் பிடித்தார், அவரைச் சிட்டம்மா பிடித்தாள், அவளை நான் பிடித்தேன், எனக்குப் பின்னால் ஊரே ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, நாற்பத்து மூன்று வீடும் சேர்ந்து இழுத்தோம், கன்னிமார் கோயில் வரைக்கும் அவளைத் திரும்ப இழுத்துக்கூட வந்துவிட்டோம். அப்போது அவள் வாயோரத்திலிருந்து ரத்தம் வழிந்து கழுத்தில் இறங்கியது. அவள் கையை உயர்த்தி, விடுங்கள் என்று காட்டினாள். முதலில் விட்டது யார் என்று இன்று வரைக்கும் எங்கள் ஊரில் யாரும் பேசுவதில்லை. எனக்கு முன்னால் இருந்தவர்களின் பிடி ஏற்கனவே தளர்ந்திருந்தது என்று நான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

கடைசி வரை விடாதவர் நாச்சிமுத்துதான். கழுத்தளவு தண்ணீர் வரைக்கும் போனார். அதற்கு மேல் தண்ணீர் அவரைத் தூக்கிக் கரையில் போட்டுவிட்டது, தூண்டில்காரன் வேண்டாத பொடிமீனை வீசுகிற மாதிரி.

நாலைந்து நாள் ஊர் செத்துக் கிடந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், கன்னிமார் கோயிலுக்கு முன்னால் நாற்பத்து மூன்று தேக்கிலைகள் விரித்துக் கிடந்தன.

எங்களுக்கு இதயம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வெகுநேரம் நின்றோம். பெண்கள் சிலர் மண்ணை வாரித் தூற்றினார்கள். அப்புறம் அத்தியப்பன், குரல் தாழ்த்தி, யார் முகத்தையும் பார்க்காமல், "இன்னைக்கு மொத நாள்தானுங்களே," என்றார். தின்றோம். சிட்டம்மா தின்னவில்லை. நாச்சிமுத்துவும் தின்னவில்லை, அவர் இலையில் இருந்த குடல் குழம்பின் வாசம் ஊரையே தூக்கியது, அவர் அதைப் பார்த்து எச்சில் விழுங்கிக்கொண்டே நின்றார், ஏழு நாளும் அப்படியே வந்து நின்றார்.

எட்டாம் நாள் அவர்தான் எங்கள் வீடுகளின் கதவை ஒவ்வொன்றாகத் தட்டினார், பானை, சட்டி, பெட்டி, மாடம் எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேடினார். உருண்டை சிட்டம்மாவின் பொத்தான் டப்பாவில் இருந்தது. எங்களில் முதலில் தின்பதை நிறுத்தியவள் அவள்தானே. அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது: தின்கிறவன் பொடிமீன், பொடிமீனைத் தண்ணீர் தொடாது, வேண்டாம் என்கிறவனுக்குத்தான் முள். சிட்டம்மா டப்பாவை விட்டு விலகிச் சுவரோரமாக ஒதுங்கினாள். நாச்சிமுத்து அந்த உருண்டையை எடுத்து, ஆசையாக முகர்ந்து பார்த்து, தன் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

"பாவாயிகிட்டப் போறனுங்க," என்றார்.

ஓர் உலை கொதிக்கிற நேரம் காத்திருந்தார். இரண்டு உலை, மூன்று உலை. பொழுது சாய்ந்தது. உருண்டை இளகவில்லை. பல்லால் கடித்தார், பல் வழுக்கியது. ஏழு நாள் பட்டினி ஒரு மனுஷனைப் பெரிய மீனாக்கிவிடாது போலிருக்கிறது. சாலையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கன்னம் புடைக்க, ஒரு குழந்தையைப் போல அழுதார், ஆனால் துப்பவில்லை.

அதிலிருந்து பதிமூன்று வாரம். இலைகள் வருவது நிற்கவில்லை, ஆனால் முள் அவர் வாயில் இருப்பதால் எட்டாம் நாளுக்கும் பயமில்லை, இப்போதெல்லாம் நாங்கள் எட்டாம் நாளும் தின்கிறோம். சிட்டம்மாகூடப் பயந்துகொண்டு தின்ன வந்துவிட்டாள், கண்ணை மூடிக்கொண்டு கருவாட்டைக் கடிக்கிறாள். அடுத்த உருண்டை நம் வீட்டுக்கு வந்துவிடக் கூடாது என்று எல்லோரும் முன்னைவிட அதிகமாகவே தின்கிறோம், பிள்ளைகளுக்கும் வாயைப் பிளந்து திணிக்கிறோம். நாச்சிமுத்து மட்டும் தினமும் தன் இலைக்கு முன்னால் வந்து நிற்பார், வேண்டாம் என்று தலையை ஆட்டுவார், கஞ்சித் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் பாவாயியின் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொள்வார். உடம்பு இளைத்துவிட்டது. ஆனால் கொஞ்ச நாளாக அவர் கரைக்கு வரும்போது மீன்கள் அவருக்கு வழி விட்டு விலகுகின்றன, அதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், பார்க்காத மாதிரி இருந்துகொண்டோம்.

இன்றைக்குக் காலை அவர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கொட்டகையைப் பூட்டிச் சாவியைக் கன்னிமார் கல்லின் மேல் வைத்துவிட்டு வந்தார். நாங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தின்றுகொண்டிருந்தோம். அவர் கரையில் நின்று எங்களைப் பார்த்தார், எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன், கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாப்பிள்ளை மாதிரி இருந்தார். விரலால் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். புடைப்பு பாதியாகக் குறைந்திருந்தது.

"எளகுதுங்க," என்றார். "ஏலக்காய் வாசம் வருது."

அத்தியப்பன் சிட்டம்மாவைப் பார்த்தார், சிட்டம்மா என்னைப் பார்த்தாள், நான் தண்ணீரைப் பார்த்தேன். ஏதாவது சொல்லியிருக்கலாம், போக வேண்டாம் என்றாவது, பாவாயியைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றாவது. வாய் நிறைய ஒப்புட்டு இருந்ததால் நான் ஒன்றும் சொல்லவில்லை.